ஏரோப்ளேன் விட்டம்

தலையைக் குனிஞ்சு வாங்கக்கா. இன்னும். இன்னுங் கொஞ்சம்... சொன்னேனில்லீங்களா? எல்லாருமே இடிச்சுக்குவாங்க. எண்ணெய் கொண்டாரட்டுங்களா? வேண்டாங்களா? சரி, கையாலயே தேய்ச்சு விட்டுக்கங்க. இடிச்சது எதுன்னு நிமிந்து பாருங்க. அதேதான், இந்தக் கோடி மட்டும் தணிஞ்சு இறங்கியிருக்குது. அதைப் பார்க்கத்தானே கோயமுத்தூர்ல இருந்து பஸ் ஏறி வந்திருக்கீங்க? அதுவே முந்திக்கிட்டு வந்து உங்களுக்கு வணக்கம் வெச்சிருச்சு.

கட்டில்ல உட்காராதீங்கக்கா, அது எங்க மாமனாரோடது. இந்தாங்க, நாற்காலி. நான் இந்த வீட்டுச் சின்ன மருமக, மேகலா. மாமனாரும் எங்கூட்டுக்காரரும் தாராபுரத்துல ஒரு சீருக்குப் போயிருக்காங்க. குழந்தைக்கு மூச்சு இரைப்பு, கூட்டத்துக்கு ஆகாதுன்னு என்னையும் அவளையும் விட்டுட்டுப் போயிட்டாங்க. நீங்க நாளைக்குத்தான் வருவீங்கன்னு சொல்லியிருந்தாங்க. இன்னைக்கே வந்தது நல்லதாப் போச்சு. அவங்க முன்னால நான் வாயைத் திறக்க முடியாது. மாமனார் இருந்தா நான் அந்தக் கதவு நிலைக்கு அந்தப் பக்கந்தான் நிக்கணும். பொழுது சாயறதுக்குள்ள வந்துருவாங்க. அதுக்குள்ள நான் உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.

இது ப்ளேன் இல்லைன்னு நீங்க சொல்லிரணும்.

அவ்வளவுதாங்கக்கா. வேற ஒண்ணும் வேண்டாம். மேல பார்த்துட்டு, நாலு போட்டோ எடுத்துட்டு, "ஏனுங்க, இது வெறும் மரமுங்க"ன்னு ஒரு வார்த்தை. காட்சிசாலைக்காரங்க சொன்னா எங்க மாமனார் கேட்டுக்குவார். அவரே சொல்லிட்டாரு. "விசயம் தெரிஞ்சவங்க யாராச்சும் வந்து பார்க்கட்டும். ப்ளேன்தான்னு சொன்னா இதுல ஒரு ஆணியைக் கூடப் பிடுங்கக் கூடாது. இல்லைன்னு சொன்னா தை மாசமே வீட்டைப் பிரிச்சுக்கங்க." அப்படி. எங்கூட்டுக்காரர் கான்கிரீட் போட்டுத் தார்சு வீடு கட்டறதுக்கு எல்லாம் ஏற்பாடு பண்ணி வெச்சுட்டார். கொத்துக்காரர் வந்து அளந்துட்டே போயிட்டார். நடுவுல நிக்கிறது இந்த விசிறிதான்.

ஆமாங்க, ப்ளேன் மூக்குல சுத்தறதாம், இந்த வீட்டுல விசிறின்னுதான் சொல்லுவாங்க. இந்த ஆசாரத்துக்கு, எங்க பக்கம் முன்கூடத்தை ஆசாரம்னு சொல்லுவோம், இதுக்கு விட்டமே அந்த விசிறிதான். மாமனாரோட தாத்தா தெய்வசிகாமணின்னு ஒருத்தர். வெள்ளைக்காரன் காலத்துல அவரோட பருத்திக் காட்டுல ப்ளேன் வந்து விழுந்துதாம். ஓட்டிப் பழகறதுக்கு வந்தவங்களாம். வெள்ளைக்காரங்க வந்து அடிபட்டவங்களையும் இஞ்சினையும் தூக்கிட்டுப் போயிட்டாங்களாம். மிச்சத்தை இவர் மாட்டு வண்டியில ஏத்திட்டு வந்து வீட்டைக் கட்டிப்போட்டாராம். கூரைக்கு மரம் வாங்க மனசு வராத ஆளு, கெடைச்சதைப் பொறுக்கியிருக்கார். அதைச் சொல்ல வெக்கப்பட்டுட்டு ஒரு பரம்பரையே இப்ப அதைப் பெருமையாச் சொல்லுது. ஊருக்குள்ள போய்க் கேளுங்க, "ப்ளேன் வீடு எது?"ன்னு. கை நீட்டிட்டுச் சிரிப்பாங்க. இவங்க காதுல அந்தச் சிரிப்பு மட்டும் விழாது.

என்னைப் பெண் பார்க்க வந்தப்பவே ஆரம்பிச்சுட்டாங்கக்கா. பொண்ணு என்ன படிச்சிருக்குன்னு கேக்கலை. சமைக்கத் தெரியுமான்னு கேக்கலை. எங்கூட்டுக்காரரோட அண்ணன், அவரைப் பெரியவர்னு சொல்லுவோம், காப்பியைக் கையில வாங்கினதுமே, "எங்க வீட்டு விட்டம் ஆகாசத்துல பறந்தது, தெரியுமுங்களா?"ங்கறார். எங்கப்பா பாவம், ஏதோ புயல்ல கூரை போயிருச்சுன்னு நெனச்சுட்டு, "அடடா, யாருக்கும் அடி ஒண்ணும் இல்லீங்களே?"ன்னு கேட்டார்.

சிரிக்காதீங்கக்கா. அன்னைக்கு நானும் உள்ள நின்னு சிரிச்சவதான். வந்து மாட்டினது நான்தானே?

அந்தப் பெரியவர் இங்க இருக்காருன்னு நெனச்சுக்காதீங்க. அவர் இருக்கிறது திருப்பூர்ல. தரையெல்லாம் முகம் தெரியற கல்லு. வீட்டுக்குள்ளயே குளிக்கிற அறை, சுடுதண்ணி. அவர் சம்சாரம், என் ஓரகத்தி, கால்ல ஒரு தூசி படாம நடப்பா. பொங்கலுக்கு ஒரு நாள் வருவாங்க. வந்ததும் இந்த விட்டத்துக்குக் கீழ நின்னு போட்டோ. போனவாட்டி என்னையும் நிக்கச் சொன்னாங்க. எனக்குப் போட்டோன்னாலே கூச்சம், மாட்டேன்னுட்டேன். "அவளுக்கு இதோட அருமை எங்க தெரியும்?"ங்கறா ஓரகத்தி. அருமை! அந்த அருமையை ஒரு மழைக்காலம் படுத்துப் பார்க்கச் சொல்லுங்க. பொழுதுக்குள்ள கார் ஏறிருவா. ப்ளேன் மேல பாசம் மட்டும் இங்க, படுக்கை அங்க.

இருங்க, ஏணி கொண்டாறேன். மேல ஏறியே பாருங்க. அப்பத்தான் உங்களுக்கே தெரியும், இது ப்ளேன் இல்லைன்னு. நான் அஞ்சாவதுக்கு மேல படிக்கலீங்க. ஆனா கண்ணு இருக்குதில்லீங்களா?

முதல்ல அந்த விசிறியைப் பாருங்க. நேரா இருக்குதா? இல்லை. இந்தக் கோடியில ஒரு பக்கம் சாஞ்சிருக்கும், அந்தக் கோடியில வேற பக்கம் சாஞ்சிருக்கும். ஈரத் துணியைப் பிழிஞ்ச மாதிரி. ஒழுங்கா வேலை தெரிஞ்ச ஆசாரி அப்படிச் செய்வாரா? இன்னும் கிட்டக்கப் பாருங்க. ஒரே மரமே இல்லை. பலகை பலகையாப் பசை வெச்சு ஒட்டியிருக்கு, பக்கவாட்டுல கோடு தெரியுதுங்களா? ஒரு முழு மரத்துக்கு வக்கில்லாம ஒட்டுப் போட்டிருக்கான். ப்ளேனுக்கு ஒட்டு மரத்தையா வெப்பாங்க? அது போகப் போக விட்டுக்கிச்சுன்னா மேல போனவன் கதி என்ன? ஓரத்துல பித்தளைத் தகடு வேற, சின்னச் சின்ன ஆணியா அடிச்சு. அது மரம் தேயாம இருக்க. காத்தாலை, காத்தாலை! இந்தப் பக்கம் எந்தக் காட்டுல பார்த்தாலும் காத்தாலை சுத்துதே, அது மாதிரி பழைய காத்தாலையோட றெக்கையா இருக்கும். நடுவுல பெரிய ஓட்டை, அதைச் சுத்தி சின்ன ஓட்டை. பெரிய ஓட்டையில குருவி கூடு கட்டியிருந்துச்சு.

மெதுவா ஏறுங்க, அந்தப் படி ஆடும்.

அங்க, ஓட்டைக்குப் பக்கத்துல, எழுத்துத் தெரியுதுங்களா? எண்ணெய் ஏறிக் கறுத்திருக்கும், துடைச்சுப் பாருங்க. டி. எச். அப்புறம் ஏதேதோ நம்பர். அதுக்கு இந்த வீட்டுல ஒரு அர்த்தம் இருக்குதுங்க. பெரியவர் அவங்க வாத்தியார்கிட்டக் கேட்டுட்டு வந்து சொன்னாராம். டி-ன்னா தெய்வசிகாமணி. எச்-ன்னா ஹவுஸ். தெய்வசிகாமணி ஹவுஸ்! அதையே வெளிச் சுவத்துலயும் எழுதி வெச்சிருக்காங்க, வர்றப்பப் பார்த்திருப்பீங்க.

ஏங்கக்கா, நீங்களே சொல்லுங்க. ஆகாசத்துல போற ப்ளேன்ல எதுக்குத் தெய்வசிகாமணி பேரு? அவர் பேரு வெள்ளைக்காரனுக்கு எப்படித் தெரியும்? அதுலயும், ஹவுஸுன்னா வீடு. வீட்டுக்குன்னு செஞ்ச மரத்துலதானே வீடுன்னு எழுதுவாங்க? இதை நான் எங்கூட்டுக்காரர்கிட்டச் சொன்னேன். அவர் அரை நாள் யோசிச்சுட்டு, "நீ சொல்றதும் சரிதான் மேகலா"ன்னார். "அப்பாகிட்டச் சொல்லுங்க"ன்னேன். மாட்டைப் பிடிச்சுக் கட்டறேன்னு போயிட்டார். அந்தாளுக்கு அவங்கப்பா முன்னால நாக்கு இருக்காது.

என்னங்கக்கா, அதையே தடவிக்கிட்டு இருக்கீங்க? இறங்குங்க, இன்னும் இருக்குது.

இங்க, அடுப்பு வீட்டுக்குள்ள வாங்க. மேல அட்டாலி தெரியுதா, பாத்திரம் போட்டு வெச்சிருக்கிற பரண்? அதுதான் றெக்கையாம். நல்லாப் பாருங்க. சின்னச் சின்னக் குச்சியா வெச்சு, தட்டி முடையற மாதிரி. ஒரு பெரிய குண்டாவை வெச்சா முனகுது. போன வருசம் ஒரு பக்கம் இறங்கிருச்சு. எங்கூட்டுக்காரர் கழட்டினப்ப அந்தப் பக்கத்தை நான் ஒத்தைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னேன், இடுப்புல குழந்தையை வெச்சுக்கிட்டு. அவ்வளவு லேசு. ப்ளேனை இவ்வளவு லேசாவா செய்வாங்க? காத்தடிச்சாப் பறந்து போயிறாது?

ஏங்கக்கா சிரிக்கறீங்க?

அதுலயும் இவங்க சொல்ற ப்ளேனுக்கு மேல ஒரு சோடி றெக்கை, கீழ ஒரு சோடி றெக்கையாம். தட்டானுக்குத்தான் ரெண்டு சோடி. சூலூர்ப் பக்கம் இருந்து தினமும் ஒண்ணு ரெண்டு ப்ளேன் இந்த வழியாப் போகுது. நான் துணி துவைக்கிறப்ப நிமிந்து பார்ப்பேன். எல்லாத்துக்கும் ஒரே சோடிதான், முழுக்க இரும்பு. பொய் சொல்றதுக்கும் கொஞ்சம் பொருத்தம் வேண்டாமா?

துணின்னதும் ஞாபகம் வருது. கூரை ஓட்டுக்கு அடியில அழுக்கா ஒட்டிக்கிட்டு இருக்குதே, அதுவும் ப்ளேன்ல இருந்து வந்ததாம். ப்ளேனுக்குத் துணி! ஏதோ பசையைத் தடவி விறைப்பா ஆக்கி வெச்சிருக்காங்க. ஒரு கிழிசல் கீழ விழுந்துச்சு, வெந்நி அடுப்புல வெச்சேன். குப்புனு பிடிச்சுது பாருங்க, புருவமே பொசுங்கிருச்சு. இந்த மாதிரிப் பண்டத்தைச் சுத்திக்கிட்டு எவனாச்சும் இஞ்சின் பக்கத்துல உட்காருவானா? புத்தி இருக்கிறவன் உட்கார மாட்டான். அப்புறம் வெளியில கொடிக்கம்பி பாருங்க. அதுவும் அதுல இருந்ததாம். உலகத்துல எல்லாக் கம்பியும் உருண்டையா இருக்கும், இது மட்டும் தட்டையா, ரெண்டு ஓரமும் கத்தி மாதிரி. என் நல்ல சேலை கிழிஞ்சுது. காத்துல நிக்க வெக்கிறதுக்கு அப்படிச் செஞ்சிருக்கான்னு மாமனார் சொல்றார். காத்துக்கு உருண்டை என்ன, தட்டை என்ன?

இதோ எந்திரிச்சுட்டா. வா சாமி, வா. இந்தச் சத்தம் கேக்குதுங்களா? நெஞ்சுக்குள்ள பூனை கத்தற மாதிரி. இதுக்குத்தாங்கக்கா நான் உங்ககிட்ட இவ்வளவு பேசறது. நான் இப்படியெல்லாம் யார்கிட்டயும் பேசறவ இல்லை. பல்லடத்து டாக்டர் சொல்லிட்டார், தூசி ஆகாது, ஈரம் ஆகாது, அந்த வீட்டுல வெச்சுக்கிட்டு மருந்து குடுத்துப் பிரயோசனம் இல்லைன்னு. இந்த வீட்டுல தூசியும் ஈரமும் தவிர வேற என்ன இருக்குது? அந்த விட்டத்தைப் பூச்சி அரிச்சு மாவு மாவாக் கொட்டுது. காலையில கூட்டினா மத்தியானம் மறுபடி விழுந்து கெடக்குது. மழை வந்தா ஆசாரம் முழுக்க ஒழுகும். கூரை ஓட்டைப் பிரிச்சு மாத்தலாம்னா விசிறி அசைஞ்சுருமாம். போன ஐப்பசியில இவளுக்கு உதடு நீலமாயிருச்சு. தூக்கிட்டு ரோட்டுக்கு ஓடினேன். மாமனார் பின்னாலயே செருப்புப் போடாம ஓடி வந்தார். வந்து என்ன? திரும்பி வந்ததும் ஏணியைப் போட்டு விசிறியைத் துடைக்கிறார். மாவு கொட்டாம இருக்கத் துணியை வேற சுத்தினார். மரத்துக்கு வலிக்குமாம்.

இந்த வயசுலயும் அப்படி ஒரு பித்து. மழைக்காலத்துல கூடக் கட்டிலை அந்த விட்டத்துக்கு நேர் கீழதான் போட்டுக்குவார். அங்கதான் நல்லா ஒழுகும். ஒழுகாத இடம் அந்த மூலை ஒண்ணுதான், அதை எங்களுக்கு விட்டுட்டு, சாக்கைப் போர்த்திக்கிட்டு அங்கயே நனைஞ்சுக்கிட்டுக் கெடப்பார். எதுக்கு? ப்ளேனைப் பிரிஞ்சு இருக்க முடியாது. எங்கூட்டுக்காரரும் அப்படியே. தொட்டில் மேல தார்ப்பாயைக் கட்டி, நாலு மூலைக்கும் கயிறு போட்டு, ஒரு பொட்டுத் தண்ணி விழாம பண்ணி வெச்சிருக்கார். அதுக்குச் செலவழிச்ச நேரத்துல அவங்கப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். மொத்தத்துல ஆம்பிளைன்னு ஒருத்தனும் இல்லை இந்த வீட்டுல.

நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கக்கா. ப்ளேன் இல்லைதானே?

என்ன?

இல்லை, திருப்பிச் சொல்லுங்க. சரியாக் கேக்கலை.

டி. எச்.ங்கறது அதைச் செஞ்ச கம்பெனியோட பேரா?

விசிறியை அப்படி ஒட்டித்தான் செய்வாங்களா? முறுக்கினாத்தான் காத்தை வெட்டுமா? துணியைத்தான் சுத்துவாங்களா? ரெண்டு சோடி றெக்கை இருந்துச்சா அந்தக் காலத்துல? அந்தத் தட்டைக் கம்பி கூடவா?

ஓ.

அப்ப நான் இவ்வளவு நேரம் ஏணி பிடிச்சு, ஒண்ணொண்ணாக் காட்டி... நானே உங்களுக்கு எடுத்துக் குடுத்திருக்கேன். நீங்களும் ம், ம்னு கேட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க. நல்லா இருக்குதுங்கக்கா. படிச்சவங்க நல்லாக் கேப்பீங்க. இந்த விட்டத்துக்கு நீங்களும் வந்து பொட்டு வெச்சுட்டுப் போங்க, தட்டு எடுத்துட்டு வரட்டுங்களா? தேங்காய் வேணுமா? பெரியவர் கேட்டா ஒரு வாரத்துக்குத் தூங்க மாட்டார். என் ஓரகத்தி போட்டோவுக்குப் புதுச் சேலை எடுப்பா. இவ இங்கயே இரைச்சுக்கிட்டுக் கெடக்கட்டும். இவளுக்கும் இதோட அருமை தெரியலைன்னு சொல்லிட்டாப் போச்சு.

இல்லீங்கக்கா, நான் அழுகலை. மாவு கண்ணுல விழுந்துருச்சு. நீங்கதான் அதை நோண்டி விட்டீங்க.

என்ன சொன்னீங்க? இப்படியே விட்டா எது தாங்காது?

ரெண்டு மழைக்கு மேல தாங்காதா? பூச்சி உள்ள வரைக்கும் போயிருச்சா? அப்ப விழுந்துருமா? ஏங்கக்கா, அப்ப இதைக் காப்பாத்தணும்னா என்ன பண்ணணும்? எண்ணெய் தடவினாப் போதுமா, இல்லை இங்க இருந்து கழட்டணுமா?

கழட்டணும்.

விசிறியை மட்டுமா, அட்டாலியும் துணியும் சேர்த்தா? எல்லாமே சேர்த்தா? அதெல்லாம் கழட்டினா இந்த வீடு நிக்குமா? நிக்காதில்லீங்க? இருங்க, இருங்க. எனக்கு மூச்சு வாங்குது.

அக்கா, நான் முன்னால சொன்னதை விட்டுருங்க. இது ப்ளேன்தான்னு சொல்லுங்க. நல்லாச் சத்தமாச் சொல்லுங்க, மாமனாருக்கு ஒரு காது மந்தம். எந்தக் கம்பெனி, என்ன மரம், எல்லாம் சொல்லுங்க. இந்த மாதிரி இந்தியாவுல எத்தனை மிச்சம் இருக்கும்? விரல் விட்டு எண்ணிறலாமா? அதையும் சொல்லுங்க. அவர் கண்ணுல தண்ணி வரும், வரட்டும். வந்ததுக்கு அப்புறம் சொல்லுங்க, "ஐயா, இதை இங்க வெச்சா நாம கொன்ன மாதிரி ஆயிரும்"னு. அவருக்கு இந்த மரம் சாகறது தாங்காது. நாங்க என்ன ஆனாலும் தாங்குவார், மரம் சாகறது தாங்காது. உங்க காட்சிசாலைக்கே குடுத்துருவார். தலையாட்டறீங்களே, நெசமாத்தானே?

எங்க கொண்டு போய் வெப்பீங்க? கண்ணாடிக்குள்ளயா? ஏசி போட்டா? பரவாயில்லை, அதுக்காச்சும் நல்ல மூச்சு கெடைக்கட்டும்.

பலகையா? என்ன பலகை? யாரு குடுத்ததுன்னு எழுதி வெப்பீங்களா? இங்கிலீசுலயும் தமிழுலயுமா?

தெய்வசிகாமணின்னு போட்றாதீங்க. அவர் கெடைச்சதைப் பொறுக்கினவர். பெரியவர் பேரைக் கண்டிப்பாப் போடாதீங்க, திருப்பூர்ல இருந்துக்கிட்டு வாயாலயே ப்ளேன் ஓட்டினவருக்கு எதுக்குப் பலகை? எங்கூட்டுக்காரர் பேரா... அவர் வேண்டாம்பார், கேக்கவே வேண்டாம்.

இவ பேரைப் போடுங்க. தன்யாஸ்ரீ. பொறந்ததுல இருந்து இதுக்குக் கீழ மூச்சுக்குப் போராடினவ இவதானே? வந்து பார்க்கிறவங்க எல்லாம், யாரு இந்தத் தன்யாஸ்ரீ, பெரிய இடத்துப் புள்ளையாட்டம் இருக்குதேன்னு கேக்கட்டும். கேட்டா நீங்க சொல்லுங்க. ஆகாசத்துல பறந்த விட்டத்துக்குக் கீழ பொறந்தவ, அந்த மாதிரி எல்லாரும் பொறந்துற முடியாது, இந்தியாவுலயே விரல் விட்டு எண்ணிறலாம்னு. போட்டோ வேணும்னா இப்பவே எடுத்துக்கங்க, இவளைத் தூக்கிக்கிட்டு நான் நிக்கிறேன். இருங்க, தலையை மட்டும் வாரிக்கிறேன். விசிறி முழுசா வருதுங்களா? அந்த எழுத்து தெரியற மாதிரி எடுங்க. இன்னொண்ணும் எடுத்துருங்க, முன்னதுல நான் கண்ணை மூடியிருப்பேன்.

வேன் சத்தம் கேக்குது. வந்துட்டாங்க. நான் நிலைக்கு அந்தப் பக்கம் போயிடறேன். பலகையில எழுத்து மட்டும் நல்லாப் பெருசா இருக்கட்டுங்கக்கா. என் ஓரகத்திக்குக் கண்ணாடி இல்லாம ஒண்ணும் படிக்க வராது, நாலு பேர் இருக்கிற இடத்துல அவ கண்ணாடி போட மாட்டா.